வோல்ற்றேஜ் காணாதென்று றான்ஸ்போமர் வாங்க முதல்

வெங்காயத் தறைக்கு இறைப்புத் தொடங்கினால் போதும், எரிந்த மோட்டர்களும் வைன்டிங் கடைகளுக்கு வரத் தொடங்கிவிடும். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். வீட்டு வளவில் ஜெனரேற்றர், 300 மீற்றர் தள்ளித் தோட்டக் கிணறு, இடையில் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். மோட்டர் முனகும், தண்ணீர் ஏறாது. "கிணற்றடியில ஒரு ஸ்ரெப்-அப் போடுங்கோ, சரிவரும்" என்று, வோல்ற்றைக் கூட்டும் றான்ஸ்போமரை யாரோ சொல்வார். போட்டதும் மோட்டர் சுற்றும், சொன்னவர் கெட்டிக்காரர் ஆகிவிடுவார். மோட்டரின் வைன்டிங் (உள்ளே சுற்றிய செப்புக் கம்பி) கருகும்போது அவரைக் காணமுடியாது.

றான்ஸ்போமர் கறண்டை உற்பத்தி செய்வதில்லை. வோல்ற்றைக் கூட்டித் தந்தால் அம்பியரை உள்ளே வரும் பக்கத்திலிருந்து கூட்டி இழுக்கும். கணக்கைப் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், போக 300, வர 300 மீற்றர்: தடை ஏறத்தாழ 4.4 ஓம். ஒன்றரைக் குதிரைவலு மோட்டர் 10 அம்பியர் எடுத்தால் வயரிலேயே 44 வோல்ற் போய்விடும், கிணற்றடிக்கு வருவது 186. அதை அங்கே வைத்து 230 ஆக்கப் போனால் வயரில் 10 அல்ல, 12 அம்பியருக்கு மேல் ஓடும். இழப்பு 54 வோல்ற் ஆகும். றான்ஸ்போமருக்குள் போவது 176, வெளியே வருவது 217. வயரில் வெறும் சூடாகப் போகும் வலு 440 வாற்றிலிருந்து 670 வாற்றுக்கு ஏறும். மோட்டர் தொடங்கும்போது 4 முதல் 6 மடங்கு அம்பியர் கேட்கும். அந்த நேரத்தில் வோல்ற் எங்கே நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் யாரும் நினைப்பதில்லை. மோட்டரை நிற்பாட்டியதும் வயரில் இழப்பு இல்லை. 230 முழுதாக வரும், றான்ஸ்போமர் அதை 285 ஆக்கும். கொட்டிலில் தொங்கும் பல்ப்பும் கைபேசி சார்ஜரும் ஏன் அடிக்கடி போகின்றன என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

றான்ஸ்போமர் போடத்தான் வேண்டுமென்றால் இரண்டு வேண்டும். ஜெனரேற்றர் பக்கத்தில் 230-ஐ 460 ஆக்க ஒன்று, கிணற்றடியில் மறுபடி 230 ஆக்க ஒன்று. வயரில் 5 அம்பியர்தான் ஓடும், இழப்பு 22 வோல்ற், 460-இல் 5 வீதத்துக்கும் குறைவு. ஆனால் இதைச் சாதாரண வீட்டு வயரில் ஓட்டக்கூடாது. 600/1000 வோல்ற் ஆமர்ட் கேபிள் (இரும்புக் கவசம் உள்ள கேபிள்) வேண்டும். 460 சுற்றின் நடுமுனையை ஏர்த் செய்தால் எந்தக் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் 230-தான் இருக்கும்.

உண்மையைச் சொன்னால், 300 மீற்றருக்கு இவ்வளவும் தேவையில்லை. 10 சதுர மில்லிமீற்றர் கேபிள் போட்டால் இழப்பு 11 வோல்ற். அதைவிட மலிவு, ஜெனரேற்றரை லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோவது.

வோல்ற்றைக் குறைக்கும் ஸ்ரெப்-டவுனைத் திருப்பிப் போட்டு ஸ்ரெப்-அப் ஆக்கலாமா? ஆக்கலாம். சிறிய றான்ஸ்போமரில் வெளிவரும் வோல்ற் சில வீதம் குறையும்; சுவிட்ச் போடும் கணத்தில் இழுக்கும் கறண்டும் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேற்றரில் திடீரென மாட்டினால் பிறேக்கர் விழும். றான்ஸ்போமரை முதலே மாட்டி, மோட்டரை நிற்பாட்டி வைத்துக்கொண்டு ஜெனரேற்றரைத் தொடங்குங்கள். வோல்ற் மெல்ல ஏறும். இந்த மோட்டருக்கு 5 கே.வி.ஏ. அளவு றான்ஸ்போமர் எடுங்கள்.

"வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குது" என்பது அடுத்த சமாதானம். கறண்ட் நிலத்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச் அது. றான்ஸ்போமருக்கு அப்பால் நடப்பது அந்த ட்ரிப் சுவிட்ச்சுக்குத் தெரியாது. கிணற்றடி றான்ஸ்போமரின் துணைச்சுற்றின் (வெளிவரும் பக்கச் சுற்றின்) ஒரு முனையை ஏர்த் செய்து நியூட்ரல் ஆக்கி, அதற்குப் பிறகு கிணற்றடியிலேயே 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று போடவேண்டும். ஏர்த் செய்யாவிட்டால் அதுவும் அலங்காரப் பொருள்தான். ஏர்த் கம்பி செம்பாட்டு மண்ணில் கொஞ்சம் இறங்கியதும் சுண்ணக்கல் தட்டும். தட்டியதென்று கம்பியை வெட்டி விடாதீர்கள். கம்பி நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இரண்டு மூன்று இறக்கி இணையுங்கள், தண்ணீர் விழும் இடமாகப் பாருங்கள்.

கனடாவிலிருந்து ஜெனரேற்றர் கொண்டுவருபவர்களுக்கு: 120 வோல்ற்றை றான்ஸ்போமர் 230 ஆக்கும், 60 ஹேர்ட்ஸை 50 ஆக்காது. பம்ப் 1.2 மடங்கு வேகமாகச் சுற்றும். அதற்கு வேண்டிய வலு 1.7 மடங்கு. மோட்டர் தாங்காது.

கடைசியாக, கறண்ட் நின்றதும் இரண்டு பக்கமும் ஆண் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரைச் சுவர் சொக்கற்றில் மாட்டுபவர்களுக்கு. தெருவில் நிற்பதும் றான்ஸ்போமர்தான். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. உங்கள் 230 அதற்குள் பின்புறமாகப் போனால் மேலே 11,000 அல்லது 33,000 வோல்ற்றாக வெளிவரும். "என்ர சின்ன என்ஜின் ஊரைத் தாங்காது, உடனே நின்றிடும்" என்கிறீர்கள். மரம் விழுந்து லைன் அறுந்த இடத்தில் ஊரே இல்லை, உங்கள் வீடும் இரண்டு அயல்வீடும்தான், என்ஜின் நிற்காது. லைனில் ஏறியிருப்பவரைக் கொல்ல ஒரு அம்பியரின் பத்தில் ஒரு பங்கு போதும். தயவுசெய்து தகுதியுள்ள ஒருவரைப் பிடித்து, லைன் அல்லது ஜெனரேற்றர் என ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் பூட்டுங்கள். அந்த வயரை இன்றைக்கே வெட்டி எறியுங்கள்.