உளி, ரம்பம், கிளாம்ப்: பொதுப்பெயருக்கு டிரேட்மார்க் கேட்டால் தடுப்பது எப்படி?

உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, டவ்டெயில் ரம்பம், பாக்கெட் ஹோல் ஜிக் எல்லாம் பொருளின் பெயர்கள். யார் செய்து விற்றாலும் உளி உளிதான். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம், பிரிவு 9(1)இல், மூன்று வகைச் சொற்களைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. ஒருவர் சரக்கை மற்றவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்ட உதவாத சொல் முதல் வகை. சரக்கின் வகை, தரம், அளவு, பயன், விளையும் இடம் போன்றவற்றை மட்டும் சொல்லும் சொல் இரண்டாவது. அந்தத் தொழிலில் எல்லோரும் புழங்கும் சொல் மூன்றாவது. தச்சுக் கருவிப் பெயர்கள் பெரும்பாலும் மூன்றிலுமே அடங்கிவிடும்.

பிறகு ஏன் கவலை? டிரேட்மார்க் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் தேர்வாளருக்குப் பட்டறைச் சொற்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்ச் சொல்லாக இருந்தால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ விண்ணப்பதாரரே எழுதித் தர வேண்டும் என்பது விதி. அவர் பொருளை மழுப்பி எழுதினால், 'இழைப்புளி' என்பது ஏதோ புதிதாகப் புனைந்த பெயர் போலத் தோன்றிவிடும். அந்தக் கட்டத்தில் தடுக்கக்கூடியவர்கள் அந்தச் சொல்லைத் தினமும் புழங்கும் கடைக்காரர்களும் தச்சர்களும்தான்.

தேர்வாளர் ஏற்ற விண்ணப்பம் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். இதழ் வாரந்தோறும் அரசின் ஐபி இந்தியா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவுக்காகச் சரக்குகளையும் சேவைகளையும் எண்ணிட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கைக்கருவிகள் வகை 8இலும், மின்சாரத்தில் ஓடும் ரம்பம், ரவுட்டர் போன்ற இயந்திரங்கள் வகை 7இலும் வரும். கருவி விற்கும் கடை சார்ந்த சேவை வகை 35. மூன்றையும் பார்க்க வேண்டும். வகை 8ஐ மட்டும் பார்த்துவிட்டு வகை 7ஐத் தவறவிடுவது எளிதாக நடக்கும்.

வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பிரிவு 21இல் உள்ள சொல் 'எவரும்' என்பதே. உங்களிடம் டிரேட்மார்க் எதுவும் இருக்க வேண்டியதில்லை. இந்த 4 மாதத்தை நீட்டிக்க முடியாது. ஒரு நாள் தாண்டினாலும் இந்த வழி அடைபட்டுவிடும். பிறகு மீதமிருப்பது பதிவை நீக்கக் கோரும் வழி மட்டுமே. அதற்கு நாளும் செலவும் அதிகம். இந்தச் சட்டம் தச்சருக்குத் தரும் பாதுகாப்பின் பெரும் வலிமை இந்த 4 மாதத்தில்தான் இருக்கிறது.

ஆட்சேபத்துக்குப் படிவம் டி.எம்.-ஓ. இணையம் வழியாகத் தாக்கல் செய்தால் ஒரு வகைக்கு 2,700 ரூபாய், நேரில் கொடுத்தால் 3,000 ரூபாய். விண்ணப்ப எண், இதழ் எண், வெளியான தேதி, ஆட்சேபத்துக்கான காரணம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். காரணத்தில் "இது எங்களுக்கு நஷ்டம்" என்று எழுதிப் பயனில்லை. பிரிவு 9(1)இன் எந்தக் கூறின்படி இது பொதுப்பெயர் என்று எழுத வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவற்றிலிருந்து வரும் விண்ணப்பங்களைச் சென்னை கிண்டியில் உள்ள டிரேட்மார்க் அலுவலகம் கவனிக்கிறது.

ஆட்சேபத்தின் நகல் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 2 மாதத்துக்குள் பதில் அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் அவர்கள் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பதில் வந்தால், அது உங்கள் கைக்குக் கிடைத்த 2 மாதத்துக்குள் நீங்கள் பிரமாணப் பத்திரத்தோடு ஆதாரம் தர வேண்டும், அல்லது ஆட்சேபத்தில் சொன்னதே போதும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் செய்யாவிட்டால் உங்கள் ஆட்சேபம்தான் கைவிடப்பட்டதாகும். அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு எதிர்த்தரப்புக்கு நகல் அனுப்ப மறப்பதும் ஆபத்து. நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் இந்தத் தேதிகளில் ஒன்று தவறினால் வழக்கு போய்விடும்.

ஆதாரமாக எதைத் தருவது? விண்ணப்பத் தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும், விண்ணப்பதாரர் அல்லாத பலர் அந்தச் சொல்லைப் பொருளின் பெயராகப் புழங்கியதைக் காட்ட வேண்டும். வெவ்வேறு கம்பெனிகளின் பழைய விலைப்பட்டியல், பில், கேட்டலாக் எல்லாம் உதவும். ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவுப் பாடநூலில் அந்தப் பெயர் இருந்தால் அது மிக வலுவான சான்று. அந்த நூல்களை வெளியிடும் நிமி நிறுவனமும் கிண்டியில்தான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஆவணத்தில் அந்தப் பெயர் இருந்தால் அதையும் இணைக்கலாம். தேதி இல்லாத போட்டோவும் நேற்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் பெரிதாக எடுபடாது.

ஆளின் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ பிறந்து பொதுப்பெயரான சொற்களும் உண்டு. மரத்தில் துளையிடும் ஃபார்ஸ்ட்னர் பிட் என்பது 1874இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னரின் பெயர். அறுகோணத் திருகுச் சாவியான ஆலன் கீ ஒரு கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட நிலைக்குப் பிரிவு 36 இருக்கிறது. பதிவான சொல்லையே அந்தத் தொழிலில் உள்ள மற்றவர்கள் பொருளின் பெயராக நிலையாகப் புழங்குகிறார்கள் என்றாலோ, காப்புரிமை முடிந்து 2 ஆண்டு கடந்தும் அந்தப் பொருளைச் சொல்ல நடைமுறையில் வேறு பெயரே இல்லை என்றாலோ, பதிவைக் கேள்வி கேட்கலாம்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. வருணனைச் சொல்லாக இருந்தாலும், நீண்ட பயன்பாட்டால் மக்கள் அதைத் தங்கள் கம்பெனியோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறார்கள் என்று விண்ணப்பத் தேதிக்கு முன்பே நிலைநாட்டியிருந்தால் பதிவு கிடைக்கலாம். 'உளி' என்ற சொல்லைச் சோப்புக்குப் பெயராக வைத்தாலும் பதிவாகலாம், ஏனென்றால் சோப்புக்கு அது பொதுப்பெயர் அல்ல. ஆட்சேபம் எழுதும்முன் எந்தப் பொருளுக்குக் கேட்கிறார்கள் என்று பார்ப்பது இதனால்தான்.

சொல் பதிவாகிவிட்டாலும் உங்கள் கடைப் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. பிரிவு 30(2)(அ), 35 இரண்டும் பொருளின் வகையையும் தன்மையையும் நேர்மையாகச் சொல்லும் உரிமையைக் காக்கின்றன. 2010இல் சமையல் எண்ணெய் விற்கும் மாரிகோ, அக்ரோ டெக் கம்பெனிகளின் வழக்கில், மாரிகோவிடம் 'லோசார்ப்' என்ற பதிவு இருந்தும், அக்ரோ டெக் 'லோ அப்சார்ப் டெக்னாலஜி' (குறைவாக உறிஞ்சும் தொழில்நுட்பம்) என்று எண்ணெய் உறையில் எழுதுவதைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. கவனிக்க வேண்டியது, அந்த உறையில் சொந்த பிராண்டுப் பெயர் தெளிவாக இருந்தது. நீங்களும் சொந்தப் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே 'பாக்கெட் ஹோல் ஜிக்' என்று சாதாரண எழுத்தில் எழுதுங்கள். அடுத்தவர் லோகோவின் எழுத்து வடிவத்தையோ நிறத்தையோ ஒட்டி எழுதினால் இந்தப் பாதுகாப்பு பலவீனமாகும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'டி.எம்.' என்று போட்டிருப்பதற்குப் பதிவு தேவையில்லை. வட்டத்துக்குள் ஆர் எழுத்துதான் பதிவானதைக் குறிக்கும், பதிவில்லாமல் அதைப் போடச் சட்டம் அனுமதிக்காது. இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, பதிவு சொல்லுக்கா, படத்தோடு சேர்ந்த லோகோவுக்கா என்று பாருங்கள். லோகோவுக்குக் கிடைத்த பதிவு, அதனுள் இருக்கும் பொதுச்சொல்லின் மேல் தனி உரிமை தராது என்கிறது பிரிவு 17. ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவதாக மிரட்டினால், பிரிவு 142இன்படி நீங்களே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பதிவையே நீக்க வேண்டுமென்றால் பிரிவு 57. டிரேட்மார்க் பதிவாளரிடம் கேட்டால் அதே டி.எம்.-ஓ படிவம், அதே கட்டணம். ஆனால் இங்கே 'எவரும்' என்பது போதாது. அந்தப் பதிவால் நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்று காட்ட வேண்டும், அதற்கு வந்த நோட்டீஸையே இணைக்கலாம். முன்பு இத்தகைய மனுக்களைக் கேட்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டதால், மனு பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ போகும். உங்கள் மேல் வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் உயர் நீதிமன்றம்தான்.