டிகாக்ஷன்: வடிநீரும் சுண்டுநீரும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அத்தை, ஞாயிற்றுக்கிழமை மாலையில் மசாலாவும் தேயிலையும் சேர்த்து ஒரு பாத்திரம் காய்ச்சி, வடிகட்டி, கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவார். வாரம் முழுவதும் காலையில் பாலைக் காய்ச்சி, அதில் பாதிக்குப் பாதி இதைக் கலந்தால் தேநீர் ஆயிற்று. போன மாதம் கடலூரிலிருந்து போயிருந்தபோது, பாட்டிலின் மேல் ஒட்ட ஒரு சீட்டை என்னிடம் நீட்டினார். "டிகாக்ஷன் என்று எழுதாதே, தமிழில் எழுது" என்றார். வடிநீர் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். ஆனால் சற்றுமுன் அடுப்பில் நான் கண்ணால் பார்த்தது வடிப்பது அல்ல. கை ஓடவில்லை. வெற்றுச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

டிகாக்ஷன் ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த லத்தீன் சொல். அதன் மூலம் 'தெகோக்வெரெ'. 'கோக்வெரெ' என்றால் சமைத்தல், வேகவைத்தல். முன்னே நிற்கும் 'தெ' குறைதல், கீழிறங்குதல் என்ற பொருளைத் தரும். நீர் குறையும்வரை கொதிக்கவைப்பது என்பதே சொல்லின் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் சமையற்காரரைக் குறிக்கும் 'குக்', பிரெஞ்சில் சமையலறையைக் குறிக்கும் 'குய்சின்' இரண்டும் இதே வேரில் முளைத்தவை. பிஸ்கட்டும் அந்தக் குடும்பம்தான். 'இருமுறை சுட்டது' என்று அதற்குப் பொருள்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பங்காளி உண்டு: 'இன்ஃப்யூஷன்'. 'உள்ளே ஊற்றுதல்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. கொதிநீரை இலையின் மேல் ஊற்றி, மூடி வைத்து, சாரம் இறங்கிய பிறகு எடுப்பது அது. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் டிகாக்ஷன்; ஊற்றி ஊறவிட்டால் இன்ஃப்யூஷன். பிரெஞ்சிலும் இதே இரண்டு சொற்கள், இதே வேறுபாடு. அத்தையின் மாமியார் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சைப்புல்லில் வெந்நீர் ஊற்றிக் குடிப்பதை 'அன்ஃப்யூசியோன்' என்றே சொல்வாராம். அதை ஒருநாளும் டிகாக்ஷன் என்று அவர் சொன்னதில்லை.

நாம்தான் இரண்டையும் குழப்பிக்கொண்டோம். பித்தளை ஃபில்டரின் மேல்தட்டில் காபித்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக அடியில் சேர்வதை டிகாக்ஷன் என்கிறோம். அங்கே எதுவும் கொதிக்கவில்லை. கொதித்தது நீர் மட்டும், அதுவும் தூளைத் தொடுவதற்கு முன்பு. டீக்கடையிலும் இதே கதை. பாய்லரில் கொதிக்கும் நீரைத் துணிப்பையில் இருக்கும் தேயிலைத்தூள் மேல் ஊற்றி மாஸ்டர் இறக்குவது, சொல்லின் பிறப்பின்படி டிகாக்ஷன் அல்ல. பெயர் தவறிப்போனாலும் வினை தவறவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. "டிகாக்ஷன் இறங்கிவிட்டதா?" என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். வெந்துவிட்டதா, கொதித்துவிட்டதா என்று எவரும் கேட்பதில்லை. பெயரை வெளியிலிருந்து வாங்கிய நாக்கு, நடந்த செயலைத் தன் சொல்லால் சரியாகவே சொல்லிவிடுகிறது.

ஆகவே காபிக்கும் டீக்கடைப் பைக்கும் 'வடிநீர்' மிகப் பொருத்தமான தமிழ். கஞ்சி வடிப்பது, சோறு வடிப்பது, வடிகட்டுவது என்று அன்றாடம் புழங்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. எளிதாக நாவில் வரும். ட என்ற எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்ற பழைய இலக்கணத்துக்கும் இடைஞ்சல் இல்லை. டிகாஷன், டிக்காஷன், டிகாக்ஷன் என்று ஆளுக்கொரு விதமாக எழுதும் தொல்லையும் ஒழியும். தயங்காமல் எழுதலாம்.

அத்தையின் பாட்டிலுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. ஏன் என்பது அவர் கைப்பக்குவத்தைப் பார்த்தால் விளங்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் விரல் நீள இஞ்சியைத் தட்டிப் போடுவார். பத்துப் பன்னிரண்டு ஏலக்காய், ஐந்தாறு லவங்கம், இரண்டு துண்டு பட்டை, பத்து மிளகு, கொஞ்சம் சோம்பு எல்லாம் அம்மியில் ஒன்றிரண்டாகச் சிதைபட்டு உள்ளே போகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம் விடுவார். நீர் முக்கால் பங்காக வற்றியபின்தான் நான்கைந்து மேசைக்கரண்டி தேயிலைத்தூள். அது நான்கு நிமிடத்துக்குமேல் கொதிக்கக்கூடாது. கொதித்தால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு ஏறிவிடும். இறக்கி, உடனே வடித்து, சூட்டோடு சர்க்கரை. பட்டையும் லவங்கமும் கெட்டியான சரக்குகள். மேலே வெந்நீர் ஊற்றினால் அவை சாரத்தை விட்டுக்கொடுப்பதில்லை. நின்று கொதித்தால்தான் இளகும். தேயிலை நேர்மாறு, தொட்டவுடன் இறங்கிவிடும். அதனால்தான் சரக்குக்கு இருபது நிமிடமும் இலைக்கு நான்கு நிமிடமும்.

இஞ்சியை முதலிலேயே நீரில் கொதிக்கவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. இளஞ்சூட்டுப் பாலில் நேராகத் தட்டிப் போட்டால் பால் திரிந்துபோகும். நீரில் நன்றாகக் கொதித்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும், பிறகு பாலோடு சண்டை இல்லை.

காபிக்குத் தவறாகப் போய்ச் சேர்ந்த டிகாக்ஷன் என்ற பெயர், இந்த மசாலாச் சாற்றுக்குத்தான் நியாயமாக உரியது. இதைச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

முதலில் நினைவுக்கு வருவது கஷாயம். வடமொழியில் 'கஷாய' என்பதற்குத் துவர்ப்பு என்று ஒரு பொருள். துறவியின் காவியுடையைக் காஷாயம் என்பதும் அதே சொற்குடும்பம். துவர்ப்பும் செம்பழுப்பும் தேயிலைக்கே உரியவை என்பதால் சொல்லின் வேர் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் வழக்கு ஒப்புக்கொள்ளாது. கஷாயம் என்றதும் காய்ச்சலும் மூக்கடைப்பும்தான் நமக்கு நினைவுக்கு வரும். விருந்தாளிக்குக் கஷாயம் தருகிறேன் என்று சொன்னால் அவர் செருப்பைத் தேடுவார்.

அடுத்தது சித்த மருத்துவம். அதில் அகமருந்துகள் 32 வகை. சாறு, குடிநீர், தீநீர், தேனூறல், மணப்பாகு, இளகம் என்று ஒவ்வொன்றும் செய்முறையால் பெயர் பெற்றவை. பிழிந்து எடுப்பது சாறு, வாலை என்ற ஆவிவடி கலத்தில் இறக்குவது தீநீர், நீரில் இட்டு வற்றக் காய்ச்சி வடிப்பது குடிநீர். 'நாலிலொன்றாய்க் காய்ச்சி', 'எட்டிலொன்றாய்க் காய்ச்சி' என்று அளவுக்கும் வாய்பாடு வைத்திருக்கிறார்கள். லத்தீன்காரர் 'தெ' என்ற முன்னொட்டில் பொதிந்து வைத்த 'குறையும்வரை' என்ற கருத்தை, எவ்வளவு குறைய வேண்டும் என்ற கணக்கோடு நம் மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

எனவே இலக்கணச் சுத்தமாகப் பார்த்தால் 'தேயிலைக் குடிநீர்' என்பதே விடை. டெங்குக் காலங்களில் நிலவேம்புக் குடிநீரும் 2020இல் கபசுரக் குடிநீரும் தெருவுக்குத் தெரு வழங்கப்பட்டதால், இந்தப் பழைய பொருள் பொதுமக்கள் வாயில் மறுபடியும் உயிர் பெற்றது. ஆனாலும் குடிநீர் என்றால் குழாயும் லாரியும் குடமும்தான் முதலில் கண்முன் வருகின்றன. சமையலறை பாட்டிலில் 'குடிநீர்' என்று எழுதினால், தண்ணீர் என்று நினைத்து யாராவது மடமடவென்று குடித்துவிடக்கூடும். மருந்துக்கு அந்தச் சொல் இருக்கட்டும்.

கடலூருக்குத் திரும்பிய இரவு விடை என் வீட்டு அடுப்பிலேயே இருந்தது. முந்தின நாள் மீன்குழம்பு. மண்சட்டியில் மறுபடி ஏற்றி, மேலே எண்ணெய் மிதந்து, குழம்பு கெட்டியாகிக் கொண்டிருந்தது. "சுண்டிவிட்டதா பார்" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். சுண்டுதல்! நீர் வற்றி, இருக்கும் சாரம் செறிவது. துறைமுகத்தில் வாங்கிய மீனுக்கு இரண்டாம் நாள்தான் உண்மையான ருசி என்று எங்கள் ஊரில் அடித்துச் சொல்வதற்கு அந்தச் சுண்டல்தான் காரணம். பாலைச் சுண்டக் காய்ச்சுகிறோம். கோயிலில் வாங்கிச் சாப்பிடும் சுண்டலும் நீர் சுண்ட வெந்த பயறுதான். 'தெகோக்வெரெ' என்ற லத்தீன் வினைக்கு இதைவிட நெருங்கிய தமிழ் வினை எனக்குத் தெரியவில்லை.

சுண்டுநீர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு. குடிநீர், வடிநீர் போலவே இதுவும் வினைத்தொகை. சுண்டிய நீர், சுண்டுகின்ற நீர், சுண்டும் நீர் என்று முக்காலத்துக்கும் விரியும். இறங்கியது வடிநீர், ஊறியது ஊறல்நீர், வற்றக் காய்ச்சியது சுண்டுநீர் என்று மூன்றையும் பிரித்து வழங்கினால், ஆங்கிலத்தைக் கடன் வாங்கி நாம் இழந்த வேறுபாடு திரும்பி வந்துவிடும்.

தேயிலை, தேநீர் என்ற சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'தே' என்பது சீனத்தின் ஃபூஜியன் கடற்கரை மக்கள் வழக்கு. டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது அது. ஆங்கிலேயர் வாயில் டீ என்று திரிந்துவிட்டது. பிரெஞ்சில் இன்றும் 'தே'தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கேட்கும் 'தே'யும் நம் தேநீரின் முதலெழுத்தும் ஒரே ஒலி. நிலவழியே பரவிய 'சா' என்ற வழக்கு பாரசீகத்தில் 'சாய்' ஆகி, வடக்கே நிலைத்தது. மசாலா அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். 'மணச்சரக்கு' என்று நல்ல தமிழ் இருந்தாலும், மசாலாவை விலக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அது நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது.

அத்தை சர்க்கரையை அள்ளிப் போட்டு, பாகு பதத்துக்கு நெருங்கும்வரை காய்ச்சுகிற வாரங்களும் உண்டு. அப்போது இன்னும் சில நாள் கெடாமல் நிற்கும். அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். இருமலுக்கு வாங்கும் ஆடாதோடை மணப்பாகு ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறது. மூலிகை நீரைச் சர்க்கரையோடு பாகாக்குவது மணப்பாகு என்றால், இது தேயிலை மணப்பாகு. மணமும் பாகும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

சட்டைப்பையில் இருந்த சீட்டில் 'மசாலாத் தேயிலைச் சுண்டுநீர்' என்று எழுதி, அடுத்த முறை போனபோது ஒட்டினேன். அத்தை படித்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது ஏன் கலங்கிக் கிடக்கிறது? கெட்டுவிட்டதா?" என்று கேட்டார். கெடவில்லை. குளிரில் தேயிலையின் துவர்ப்புச் சத்தும் காஃபீனும் ஒன்றோடொன்று பிணைந்து மங்கலாகத் திரண்டு நிற்கும். அரைத் தம்ளர் ஊற்றி அடுப்பில் வைத்துக் காட்டினேன். சூடு ஏற ஏறக் கலங்கல் கரைந்து, சுண்டுநீர் பழைய செம்பழுப்பில் தெளிந்தது.