காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

சார்டினியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நேரில் போய் நின்றால் அதே இடத்தில் ஆளுயர அலை அடிக்கும், மணல் பறந்து முகத்தில் அறையும். படம் பொய் சொல்லவில்லை. அது எடுக்கப்பட்ட அன்று காற்று வேறு பக்கமிருந்து வந்தது, அவ்வளவுதான்.

மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு, இத்தாலியின் இந்த சார்டினியா. பரப்பு சுமார் 24,000 சதுர கிலோமீட்டர். நாலு பக்கமும் கடல் என்பதால், ஒரு கரை கொந்தளிக்கும்போது இன்னொரு கரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். எந்தக் கரை என்பதைக் காற்றுதான் சொல்லும். இங்கே கடலின் ஏற்றவற்றத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மத்தியதரைக் கடல் பெருங்கடலோடு சேரும் ஜிப்ரால்டர் நீரிணை, ஒடுங்கிய இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர்தான். பெருங்கடலின் ஏற்றவற்றம் அந்த இடுக்கு வழியாக அதிகம் உள்ளே வருவதில்லை, அதனால் சார்டினியாவில் தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு சாண் அளவுக்குத்தான்.

தீவின் பெரிய காற்று வடமேற்கிலிருந்து வருகிறது. ஊர்க்காரர்கள் மாயெஸ்த்ராலே என்பார்கள், பிரான்சில் அதன் பெயர் மிஸ்ட்ரல். பிரான்சில் ஆல்ப்ஸ் மலைக்கும் மத்திய மேட்டுநிலத்துக்கும் நடுவே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. வடக்கே தேங்கும் குளிர்காற்று அந்த இடுக்கில் நுழைந்து வேகமெடுத்துக் கடலில் பாய்கிறது. அங்கிருந்து சார்டினியாவின் மேற்குக் கரை வரை 400, 500 கிலோமீட்டருக்கு வெறும் தண்ணீர். அலையின் உயரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் தண்ணீர்மேல் அது ஓடும் தூரம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கரையிலிருந்து கடலை நோக்கி அதே வேகத்தில் காற்று வீசினாலும், முதல் நூறு மீட்டரில் சிற்றலைதான் எழும்பும்.

ஆக, மிஸ்ட்ரல் வீசும் நாளில் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். ஒரோசேய் வளைகுடாவின் காலா லூனா, காலா கொலோரிட்சே போன்ற இடங்களுக்கு முதுகுப்புறம் சுண்ணாம்புக்கல் மலைகள் காற்றை மறைக்கின்றன. தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ வீசினால் கதை தலைகீழ். சகாரா தூசியையும் சுமந்து வரும் வெப்பக்காற்று அது. அன்று மேற்குக் கரைதான் சுகம். பெருங்காற்று எதுவும் இல்லாத கோடை நாளிலும், நிலம் சூடேறிய பிறகு மதியம் கடல்காற்று கிளம்பும். அமைதியான தண்ணீர் வேண்டும் என்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்று மறைவில் கடல் சாதுவாகத் தெரியும். ஆனால் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். காற்றடைத்த மெத்தையில் குழந்தையை மிதக்கவிட்டால், நாம் எட்டிப் பிடிப்பதற்குள் அது ஆழத்துக்குப் போய்விடும்.

சரி, காற்று ஆயிற்று. அப்புறம் மணல். மேற்கே சினிஸ் தீபகற்பத்தில் ஈஸ் அருத்தாஸ் என்றொரு கரை. அங்கே ஒரு பிடி மணலை அள்ளினால் உள்ளங்கையில் அரிசி கிடப்பது போலிருக்கும்: வெள்ளை, வெளிர் இளஞ்சிவப்பு, லேசான பச்சை, உருண்டு மழுங்கிய குவார்ட்ஸ் மணிகள். கையைத் தட்டினால் ஒன்றுகூட ஒட்டுவதில்லை. இந்தப் பெரிய மணிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அலை ஏறி வரும்போது தண்ணீர் மணிகளின் இடைவெளி வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. திரும்பிப் போகும் தண்ணீர் குறைவு, அதற்கு மணலை இழுத்துச் செல்லும் வலு இல்லை. மணல் மேலேயே குவிந்து கரை சரிவாகிறது. சில அடி வைத்தாலே ஆழம். நைசான மணலில் தண்ணீர் அவ்வளவு எளிதாக இறங்காது, ஏறியதெல்லாம் மணலோடு திரும்புகிறது, கரை தட்டையாகிறது. வடமேற்கு முனையில் உள்ள லா பெலோசாவில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மணல் மணியின் பருமனைப் பார்ப்பது நல்லது.

லா பெலோசாவில் 2020 முதல் கோடையில் ஒரு நாளைக்கு 1,500 பேர்தான், கட்டணம் 3.50 யூரோ. துண்டுக்கு அடியில் பாய் விரித்தாக வேண்டும். ஈரத் துண்டில் ஒட்டிக்கொண்டு மணல் ஊரைவிட்டே போகிறது என்பதுதான் காரணம். மணலை எடுத்துச் செல்வோருக்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் என்று 2017-இல் தீவுக்கே சட்டம் வந்தது. எனக்கு இது கடுமையாகவே தோன்றவில்லை. அந்த மணி உருவாக ஆன காலத்தை நினைத்துப் பாருங்கள்.

கரையில் பழுப்பு நிறத்தில் இலைக் குவியல் கிடந்தால் முகம் சுளிப்பவர்கள் நிறைய. "அழுக்குக் கடற்கரை" என்று மதிப்பெண் குறைப்பார்கள். அது பாசி இல்லை. பொசிடோனியா என்ற கடற்புல், பூத்துக் காய்க்கும் தாவரம். தெளிந்த நீரில் 40 மீட்டர் ஆழம் வரை புல்வெளியாக வளர்கிறது. வெளிச்சம் அவ்வளவு ஆழம் போனால்தான் அது உயிர்வாழும் என்பதால், அந்தக் குவியல் தண்ணீர் நன்றாக இருப்பதற்கான சாட்சி. குளிர்கால அலைகள் மோதும்போது முதல் அடியை வாங்கிக்கொண்டு அடியிலுள்ள மணலைக் காப்பதும் இந்த இலைகள்தான். பக்கத்தில் தேங்காய்நார் பந்து போல ஏதாவது உருண்டு கிடந்தால் எடுத்துப் பிரித்துப் பாருங்கள், அத்தனையும் அந்தப் புல்லின் நார், அலை உருட்டி உருட்டிச் செய்தது. சார்டினியாவின் வடகிழக்கே உள்ள பூதெல்லி என்ற குட்டித் தீவின் இளஞ்சிவப்புக் கரைக்கு நிறம் கொடுக்கும் நுண்ணுயிரும் இந்தப் புல்வெளியில்தான் குடியிருக்கிறது. அது செத்த பிறகு, அதன் சிவந்த சுண்ணாம்புக் கூடு உடைந்து மணலோடு சேர்கிறது. அந்தக் கரையில் 1990-களிலிருந்து யாரும் கால் வைக்க முடியாது.

தென்மேற்கே பிஷினாஸில் மிஸ்ட்ரல் குவித்த மணல்மேடுகள் பல மாடி உயரத்துக்கு நிற்கின்றன. அங்கே ஜூனிபர் மரங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, நிலத்தின் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்திருக்கின்றன. எந்தக் காற்று அங்கே அதிகம் வீசுகிறது என்று அவற்றைப் பார்த்தாலே தெரியும்.