மினியேச்சர்: செந்தூரத்தில் பிறந்த சொல்

‘மினி’ என்று காதில் விழுவதால், மினியேச்சர் என்றால் சின்னது என்றே நினைத்துவிடுகிறோம். வேர் வேறு. லத்தீனில் ‘மினியும்’ என்பது ஈயச் செந்தூரம். ஏடுகளில் முதலெழுத்தையும் சித்திரத்தையும் அந்தச் சிவப்பால் தீட்டுவது ‘மினியாரே’. அதிலிருந்து இத்தாலிய மொழியில் ‘மினியத்தூரா’. ஏட்டுச் சித்திரங்கள் சிறியவை. ‘மைனர்’, ‘மினிமம்’ போன்ற சொற்களின் ஒலியும் கூடச் சேர்ந்தது. செந்தூரம் மறைந்து சிறுமை நின்றுவிட்டது. ‘மினி’ என்ற முன்னொட்டே பின்னாளில் இச்சொல்லிலிருந்து நறுக்கி எடுத்ததுதான்.

தமிழில் ஓவியத்துக்கு ‘நுண்ணோவியம்’ சரி. போர் விளையாட்டு மேசையில் நிற்கும் 28 மி.மீ. வீரனுக்கு ‘சிற்றுரு’ பொருந்தும். ‘பாவை’ இன்னும் அழகான சொல். கண்மணிக்குள் தெரியும் உருவைக் குறள் (1123) ‘கருமணியிற் பாவாய்’ என்று விளிக்கிறது. ஆனால் இன்று பாவை என்றதும் பெண்ணுரு நினைவுக்கு வருவதால், சிப்பாய்க்கு ஒட்டவில்லை.

ஒரு சிற்றுருவை வேறொரு வீரனாக மாற்றியமைக்கும் ‘கன்வர்ஷன்’ என்பதற்கு ‘உருமாற்றம்’. வண்ணத்தை மட்டும் மாற்றுவது உருமாற்றம் ஆகாது. வெட்டி, ஒட்டி, புதிதாகப் பிடித்து வைக்க வேண்டும். 1763-64இல் மதுரைக் கோட்டையில் யூசுப்கானை (மருதநாயகம்) முற்றுகையிட்ட கம்பெனிச் சிப்பாய் வேண்டுமென்றால், அதே காலத்து ஐரோப்பியச் சிவப்புச்சட்டை வீரனை எடுங்கள். முக்கோணத் தொப்பியைச் சீவி, தலைப்பாகையை எம்-சீலில் பிடியுங்கள். அது இரண்டு பாகமாக வரும், பிசைந்து கலந்தால் இறுகும் ஒட்டுமாவு. இரண்டு பாகமும் சரிசமம். நிறம் ஒன்றாகும்வரை பிசையாவிட்டால் அங்கங்கே இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். விரலை நனைத்துக்கொண்டால் ஒட்டாது. கையை வெட்டித் திருப்பினால் வெறும் பசையை நம்ப வேண்டாம். இரு பக்கமும் 1 மி.மீ. துளையிட்டு மெல்லிய கம்பி செருகி ஒட்டுங்கள்.

அடிப்பூச்சுக்கு முன் சோப்பு நீரில் கழுவுவது கட்டாயம். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் உரிந்து வரும். மதுரை வெயிலில் நண்பகலில் ஸ்பிரே அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, மேற்பரப்பு மணல் போல் சொரசொரப்பாகும். விடியற்காலையே நல்லது. அக்ரிலிக்கும் தூரிகையிலேயே காயும். நனைத்த ஸ்பாஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் வண்ணம் குழைத்தால் தாங்கும்.

சொல்லின் வேரான சிவப்புதான் வேலையிலும் அதிகம் சோதிக்கும். கறுப்பின் மேல் மங்கும். வெள்ளையின் மேல் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் அரக்கு நிறம், அதன் மேல் நீர்த்த சிவப்பை இரண்டு மூன்று பூச்சாகக் கொடுங்கள். மேடுகளில் ஒளி காட்ட வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். ஆரஞ்சைக் கலக்க வேண்டும்.

கண் தீட்டுவதற்குத் தனிச்சொல் தேட வேண்டாம், ‘கண் திறத்தல்’ இருக்கிறது. சிற்பிகள் அதைக் கடைசியில் செய்வார்கள். சிற்றுருவில் முகத்துக்கும் முன்பே கண்ணை முடிப்பது வசதி: வெள்ளைக் கீற்று, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு. புள்ளி வைத்தால் முழி பிதுங்கும். கோடு வழிந்தாலும் தோல் நிறத்தால் சுற்றிலும் திருத்திக்கொள்ளலாம்.