உணவுப் பாலைவனமா, காய்கனி எட்டாப் பகுதியா?

"உணவுப் பாலைவனத்தில் வசிப்பவர்களிடம் உடற்பருமன் அதிகம்" என்று மறுபடியும் ஒரு நலவாழ்வுக் கட்டுரையில் படித்தேன். பாலைவனத்தில் இருப்பவன் வற்றி உலர்ந்துதானே போவான், எப்படிப் பெருப்பான்? மொழிபெயர்த்தவருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை போலும்.

காய்கனி போன்ற நல்ல உணவு எளிதில் கிடைக்காத வட்டாரத்தை ஆங்கிலத்தில் 'ஃபுட் டெசர்ட்' என்பார்கள்; அதன் நேர் மொழிபெயர்ப்புதான் இது. சொல்லின் கதை சிறியது. 'ஃபுட் டெசர்ட்' 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில், அரசுக் குடியிருப்புவாசி ஒருவரின் வாயில் பிறந்தது என்பார்கள். 1995இல் பிரிட்டன் அரசுக் குழுவின் அறிக்கையில் ஏறியது. டெசர்ட்டின் லத்தீன் மூலத்துக்குக் 'கைவிடப்பட்டது' என்று பொருள். அமெரிக்க வேளாண் துறை அளவுகோலே வைத்தது: நகரத்தில் ஒரு மைலுக்குள், கிராமத்தில் 10 மைலுக்குள் சூப்பர் மார்க்கெட் இல்லாத, வருமானம் குறைந்த பகுதி.

ஆனால் அங்கே தீனிக்குப் பஞ்சமில்லை. சிகாகோவின் தெற்குப் பகுதியில் தெருமுனைக் கடைக்குள் நுழைந்தால் சிப்ஸ் பொட்டலமும் சோடா பாட்டிலும் கூரையைத் தொடும். வெளியே வந்தால் வறுத்த கோழி மணக்கும். ஒரு முட்டைக்கோஸ் வேண்டுமென்றால்தான் பஸ் ஏறவேண்டும்.

இதை 'உணவுப் பாலை' என்று சுருக்கிச் சிலப்பதிகாரத்தைத் துணைக்கு அழைக்கும் தனித்தமிழ் அன்பர்களும் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் 'முறைமையின் திரிந்து' நல்லியல்பு இழந்தால் பாலை என்கிறார் இளங்கோ. நல்ல கடைகள் இருந்து கெட்ட வட்டாரமும் அப்படித்தானே என்பது அவர்கள் வாதம். அழகான வாதம். வடசொல்லான வனத்தை வெட்டிய மகிழ்ச்சி வேறு. ஆனால் பாலை என்றதும் வாசகன் மனத்தில் கள்ளியும் கானல்நீரும் வரும், பொரித்த கோழி வராது. அடிக்குறிப்பு இல்லாமல் நிற்காத கலைச்சொல்லை விடுகதைப் புத்தகத்தில் சேர்த்துவிடலாம்.

என் பரிந்துரை 'காய்கனி எட்டாப் பகுதி'. எட்டாத தூரம், எட்டாத விலை என இரண்டுக்கும் நம்மிடம் ஒரே வினை இருக்கிறது. விலையை விடக்கூடாது. கடை பக்கத்தில் வந்தால் மட்டும் போதவில்லை: பிலடெல்பியாவில் ஒரு வட்டாரத்தில் புதிய சூப்பர் மார்க்கெட் திறந்தும், அங்குள்ளவர்களின் சாப்பாடும் எடையும் மாறவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வட்டாரத்துக்கும் எடைக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. 1994 முதல் 1998 வரை சிகாகோ, பாஸ்டன் உள்ளிட்ட ஐந்து அமெரிக்க நகரங்களில், ஏழ்மை மிகுந்த அரசுக் குடியிருப்புக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வறுமை குறைந்த வட்டாரங்களுக்குக் குடிபோக வாடகை உதவிச் சீட்டு கொடுத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்துப் பார்த்தபோது, சீட்டு கிடைத்த பெண்களிடம் கடுமையான உடற்பருமனும் நீரிழிவும் குறைவாக இருந்தன. காரணம் கடையா, நடைபாதையா, பயமில்லாமல் வெளியே போக முடிந்ததா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆகவே நம் சொல் காய்கனியைப் பற்றி மட்டும் பேசட்டும்.

இப்போது துரித உணவுக் கடைகள் மொய்க்கும் இடத்துக்கு 'ஃபுட் ஸ்வாம்ப்' என்கிறார்கள். கேட்கவேண்டுமா, 'உணவுச் சதுப்பு நிலம்' தயார்! ஒரு பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தில் சதுப்பு நிலத்தால் தொப்பை வருகிறது என்று அச்சடிக்கிறோம். 'துரித உணவு மலிந்த பகுதி' என்று எழுத இவர்களை எது தடுக்கிறது?