டிஸ்கோகிராபி: தமிழில் ஒலிப்பதிவடைவு

பாடகர் ஒருவரின் ஆல்பப் பெயர்களை வரிசையாக அடுக்கி, அதற்கு ‘டிஸ்கோகிராபி’ என்று தலைப்பிடுவது வழக்கமாகிவிட்டது. சொல்லின் பொருள் அவ்வளவு சிறியதன்று. ஒரு பாட்டை யார், எந்த ஊரில், எந்த நாளில், எந்த நிறுவனத்துக்காகப் பாடினார், உடன் வாசித்தவர் யார், தட்டின் எண் என்ன என்று துருவிச் சரிபார்த்து எழுதிவைக்கும் துறைக்கே அந்தப் பெயர்.

கிரேக்கத்தில் ‘டிஸ்கோஸ்’ என்றால் எறிவட்டு, ‘கிராபியா’ எழுதுதல். வேர் பழையது, சொல் புதியது. நூற்பட்டியலைக் குறிக்கும் ‘பிப்ளியோகிராபி’யின் சாயலில் 20ஆம் நூற்றாண்டில் அமைந்தது. 1936இல் சார்ல் தெலோனே பாரிஸில் வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டுப் பட்டியல் அதற்கு நிலையான இடம் தேடித் தந்தது.

இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு உழைப்பு? நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளின் லேபிளில் பெரும்பாலும் பதிவான நாள் இராது. லேபிளில் அச்சான எண் விற்பனைக்கானது. லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் கீறப்பட்டிருக்கும் எண்தான் சாட்சி. பதிவு நடக்க நடக்க வரிசையாக இட்ட எண் அது. முன்னும் பின்னும் உள்ள எண்களின் நாள் தெரிந்தால் இதன் நாளை நெருங்கிவிடலாம். 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்துக்காகப் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் பதிவு செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாயின. அங்கே உள்ளவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரியவேண்டும். அந்தக் குரலையே முதல் அடைவுக் குறிப்பாக நான் மதிக்கிறேன்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘இசைத்தட்டுப் பட்டியல்’ புரியும். ஆனால் கடைக்காரரின் விலைப்பட்டியலுக்கும் அது பொருந்தும். ‘இசைத்தட்டியல்’ கேட்க நன்றாக இருந்தாலும் தட்டோடு நின்றுவிடுகிறது. எடிசனின் 1877ஆம் ஆண்டுக் கருவியில் பதிவானது உருளையில். வீட்டில் பதிந்தவை நாடாச் சுருளில். நம்மிடம் ‘அடைவு’ என்ற சொல் இருக்கிறது. முறை, வரிசை என்பது அதன் பொருள். ‘அடைவே’ என்றால் முறையே. சொல்லடைவு, நூலடைவு என்று புலமையுலகில் ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே ஒலிப்பதிவடைவு. மூலச்சொல்லைவிட இது அகலமானது என்பதே என் கட்சி.

1933இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்று நம்மை எட்டுவது இசைத்தட்டுகளின் வழியாகத்தான். கடைக்கு வந்த தட்டுக்கு எண்ணாவது உண்டு. கல்யாணக் கச்சேரியில் யாரோ பதிந்த சுருளுக்கு அதுவும் கிடையாது. பெட்டிமேல் பென்சிலால் எழுதிய தேதி, இடையில் கேட்கும் அறிவிப்பு, பக்கவாத்தியக்காரரின் பெயரைச் சொல்லக்கூடிய ஒரு முதியவர்: இவ்வளவையும் வைத்துத்தான் அதற்கு ஓர் அடைவுக் குறிப்பு எழுதவேண்டும்.