ரோல்பிளே: பாத்திரமா, வேஷமா?

'ரோல்பிளேயிங் கேம்' என்பதைத் தமிழாக்கச் சொன்னால், அகராதியைப் புரட்டுபவர் 'பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு' என்று எழுதிவிடுவார். பிழையில்லை. ஆனால் காட்பாடியில் நாலு பேரைப் பார்த்து "பாத்திரமேற்க வாங்க" என்றால், எவர்சில்வரா பித்தளையா என்று கேட்பார்கள். பழைய வட ஆற்காட்டில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: வேஷம் கட்டுறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன் "இந்த வருஷம் துரியோதனன் வேஷம் யார் கட்டுறாங்க?" என்று ஊரே பேசும்.

முதலில் பொருள். மூன்று முதல் ஐந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக நின்று, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். விழுந்த எண்ணுக்கு ஏற்பக் கதை நகரும். பலகையும் காயும் கட்டாயமில்லை. கடைசியில் ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பதும் கிடையாது.

'ரோல்' பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. நடிகருக்குரிய வசனம் மட்டும் எழுதிய தாள்சுருளுக்கு அது பெயர்; பிறகு அந்த வசனத்துக்குரிய ஆளுக்கே பெயராயிற்று. 'ரோல்பிளே' என்ற சேர்க்கை விளையாட்டுக்காரர்கள் உண்டாக்கியதல்ல. அதற்கு முன்பே உளநாடக முறையை வகுத்த மொரேனோவின் வட்டத்தில் அது புழங்கியது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற இவ்வகை ஆட்டத்தின் முதல் பெட்டியில்கூட இந்தப் பெயர் இல்லை. போர் விளையாட்டு விதிகள் என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். ஆடியவர்கள்தான் பிறகு இந்தப் பெயரை ஒட்டினார்கள்.

வேடம் என்பதும் வடமொழி 'வேஷ'த்தின் வழி வந்ததுதானே என்று தூய்மை பார்ப்பவர் கேட்கலாம். பாத்திரமும் அங்கிருந்துதான் வந்தது. இங்கே வேரைவிட, கூட வரும் வினை முக்கியம். பாத்திரத்தை 'ஏற்கிறோம்', யாரோ எழுதித் தந்ததை வாங்கிக்கொள்வதுபோல. வேஷத்தையோ 'கட்டுகிறோம்', நாமே இழுத்து முடிச்சுப் போட்டு. எழுதிவைத்த வசனம் இல்லாத ஆட்டத்துக்குப் பின்னதே பொருந்தும். கூத்தில் ஆண்கள் திரௌபதி வேஷம் கட்டுவது வழக்கம் என்பதால், ஆளுக்கும் வேஷத்துக்கும் பால் ஒன்றாக இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் இந்தச் சொல்லோடு எழாது.

இந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயருக்கு முன் ஒட்டும் 'டேபிள்டாப்' என்பதை 'மேசை' என்று பெயர்த்தால் இரண்டு தொல்லை. மேசை போர்த்துக்கீசியம் தந்த சொல் என்பது இருக்கட்டும். 'மேசை விளையாட்டு' என்றால் மேசைப்பந்துதான் நினைவுக்கு வரும். கணினியிலும் அல்ல, மைதானத்தில் ஓடியாடியும் அல்ல, உட்கார்ந்து வாயால் ஆடுவது என்பதே இதன் கருத்து. தெருவில் ஆடினால் தெருக்கூத்து. திண்ணையில் உட்கார்ந்து ஆடினால் திண்ணைக்கூத்து. 'என்ன கூத்து இது' என்று கேலி செய்யவும் அதே சொல் உதவும் என்பது குறைதான், பொறுத்துக்கொள்ளலாம்.

அதோடு சேர்ந்து வரும் 'இண்டி' சிக்கலானது. சுயேச்சை என்றால் வேட்பாளர் நினைவு வந்துவிடும். இந்த வட்டத்தில் இண்டி என்பதற்குத் திட்டமான பொருள் உண்டு: ஆட்டத்தை எழுதியவரே அதன் உரிமையை வைத்துக்கொண்டு தானே வெளியிடுவது. சிற்றிதழ் என்ற சொல்லில் 'சிறு' எப்படி அளவைக் குறிக்காமல் போக்கைக் குறிக்கிறதோ, அப்படி இதைச் 'சிற்றாட்டம்' எனலாம். விதிப் புத்தகம் முந்நூறு பக்கம் ஓடினாலும் சிற்றாட்டமே. ஒரே ஏ4 தாளில் அடங்குவதும் உண்டு. ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தால் அன்றைக்கே ஆடலாம்.

ஆட்டத்தை நடத்துபவரை 'ஜிஎம்' என்கிறார்கள், 'கேம் மாஸ்டர்' என்பதன் சுருக்கம். 'ஆட்டத் தலைவர்' என்று பெயர்த்ததால் வந்த கேடு கொஞ்சமல்ல. தலைவர் என்றதும் அவர் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கிவிடுகிறார். சரியான சொல் கட்டியக்காரர். கட்டியம் என்பது அரசர் வரும்போது முன்னே நின்று அவர் புகழ்ப்பெயர்களை உரக்கச் சொல்வது. செய்யாறு பக்கத்துப் புரிசை போன்ற ஊர்களின் கூத்தில் கட்டியங்காரன் திரை அருகே நின்று, வருகிற வேஷத்தைப் பார்த்து யார், எந்த ஊர், வந்த காரியம் என்ன என்று கேட்பான். கேட்டுக்கேட்டே கதையை நடத்துவான். அரசர் செந்தமிழில் முழங்குவார். இவன் ஊர்ப்பேச்சில் கிண்டலடிப்பான். ஜிஎம் வேலையும் இதுதான்: முக்கால் பங்கு கேள்வி, கால் பங்கு வருணனை.

ஓர் எடுத்துக்காட்டு. 1806 ஜூலை 9 இரவு, வேலூர்க் கோட்டை. புதிய தலைப்பாகை ஆணையால் சிப்பாய்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். திப்புவின் குடும்பம் உள்ளே காவலில் இருக்கிறது. ஒருவர் சிப்பாய், ஒருவர் சுபேதார், ஒருவர் அரண்மனைப் பணிப்பெண். கட்டியக்காரர் மூன்று கேள்வி கேட்கிறார்: நீ யார்? விடிவதற்குள் உனக்கு என்ன வேண்டும்? இங்கே உட்கார்ந்திருப்பவரில் யாருக்கு நீ கடன்பட்டிருக்கிறாய்? மூன்றாவதை விட்டுவிட்டால் ஆளுக்கொரு மூலையில் தனிக்கதை ஓடி ஆட்டம் சிதறும். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதானே விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள்?

நேரத்தைக் காட்டத் தாளில் ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாக்குவார்கள். 'கிளாக்' என்பார்கள், நாழிகை வட்டம் எனலாம். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு துண்டு நிரப்ப வேண்டும். நிரம்பினால் குதிரைப்படை வாசலில்.

பேச்சிலும் ஒரு கவனம் தேவை. புதியவர் "அவன் கதவைத் திறக்கிறான்" என்பார், பழகியவர் "நான் திறக்கிறேன்" என்பார். இரண்டும் செல்லும், கூச்சப்படுபவரை நடிக்கச் சொல்லி நெருக்கக் கூடாது. ஆனால் வெளியே 'டா' போட்டுப் பேசும் இருவரில் ஒருவர் சுபேதார் ஆகிவிட்டால், சிப்பாய் அவரை "நீங்க" என்றுதான் அழைக்க வேண்டும். குரலை மாற்றாமலே வேஷம் ஏறிவிடும். ஆங்கிலத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை.

'டைஸ்' என்பதற்குப் பழைய சொல் கவறு. குறள் 935 கவறையும் அதை உருட்டும் கழகத்தையும் சேர்த்தே திட்டுகிறது. இன்று பகடை போதும். வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் எழுதிய அபோகலிப்ஸ் வேர்ல்டு (2010) வழிவந்த சிற்றாட்டங்களில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் தோல்வி. 36 வழிகளில் இவை முறையே 6, 15, 15. மாந்தரின் திறமைக்காகக் கூட்டும் எண் ஏதும் இல்லாவிட்டால், மேலே சொன்ன ஆறு துண்டு வட்டம் சராசரியாகப் 14 உருட்டலில் நிரம்பும்.

வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் அதுவே போதும். முகங்கள் 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 16 வழி. 5, 6 விழுந்தால் முழு வெற்றி (3 வழி), 3, 4 என்றால் விலையோடு வெற்றி (7 வழி), 2 வரை தோல்வி (6 வழி). விகிதம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். இரண்டு இடத்தில் தவறும். தாயம் ஆடிப் பழகிய கை இரட்டைப் பூச்சியத்தைப் பன்னிரண்டு என்று எண்ணிவிடும். இங்கே அது வெறும் பூச்சியம். இரண்டாவது, மாந்தரின் திறமைக்காகக் கூட்டும் +2ஐ அப்படியே கூட்டினால் 16இல் 10 வழி முழு வெற்றியாகி ஆட்டம் சப்பென்று போகும். அதை +1 ஆக்கினால் 6 வழி. அசல் ஆட்டத்தில் +2 தரும் 36இல் 15க்கு அருகில் வரும். கோட்டைப் புல்வெளியில் ஆடினால் கட்டை சாய்ந்து நிற்கும். தட்டில் உருட்டுங்கள், அடியில் ஒரு துண்டு விரித்தால் சத்தமும் வராது.

'கேரக்டர் ஷீட்' என்பது மாந்தரின் பெயர், திறமை, கடன், காயம் எழுதிய தாள். வேஷ ஏடு என்றால் பிரெஞ்சுச் சுருளுக்கே திரும்பிவிடுகிறோம். 'ஒன்ஷாட்' ஓரிரவுக் கூத்து, மூன்று மணி நேரம். 'காம்பெய்ன்' வாரவாரம் நீளும் தொடர்கூத்து. இரவுப்பணி மாறிமாறி வருகிற ஆட்கள் குழுவில் இருந்தால் அதைத் தொடங்க வேண்டாம்.